சிக்லிட்டில் ஆண் எது, பெண் எது: நான்கு வழிகளில் எந்த மீனுக்கு எது?

வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் சிக்லிட் மீன்களில் ஆண் பெண் பிரித்துச் சேர்க்க நம்மிடம் நான்கு வழிகள் இருக்கின்றன. நிறம், துடுப்பு, உடல்வாகு பார்த்துக் கண்ணாலேயே சொல்வது ஒன்று. மீனைக் கையில் மல்லாத்திப் பிடித்து அடிவயிற்றுத் துளைகளைப் பார்ப்பது இன்னொன்று. ஐந்தாறு குஞ்சுகளாக வாங்கி வளரவிட்டு, அவையே ஜோடி சேரும்வரை காத்திருப்பது மூன்றாவது. ஏற்கெனவே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த ஜோடியை விலை கொடுத்து வாங்குவது நான்காவது. வண்ணமீன் கடைகள் நிறைந்த சென்னை கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கினால் இந்த நான்கையும் ஒரே நாளில் கேட்டுவிடலாம், அவரவர் சொல்வதுதான் சரி என்ற அடித்துப் பேசலோடு. நான்குமே சரிதான், ஆனால் ஒவ்வொன்றும் சில மீன்களுக்கு மட்டும். ஏஞ்சலுக்குப் பொருந்தும் வழியை ஆரேட்டஸுக்குப் பிடித்தால் தொட்டியில் பிணம் மிதக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்குமுன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சிக்லிட் குடும்பத்தில் பெயர் வைக்கப்பட்ட இனங்களே 1,700க்கு மேல். குடித்தனம் நடத்தும் விதத்தில், நம் தொட்டிக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு கட்சி. ஏஞ்சல், டிஸ்கஸ், கன்விக்ட், கிரிபென்சிஸ், ஆஸ்கர், பழவேற்காடு ஏரியில் கிடைக்கும் நம்மூர்க் கரிமீன் எல்லாம் ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காவல் காப்பவை. இவற்றுக்கு ஜோடி என்பது உண்மையான உறவு. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள் வேறு வகை. முட்டையிட்டவுடன் பெண் அத்தனையையும் வாயில் அள்ளிக்கொண்டு ஒதுங்கிவிடும். சுமார் மூன்று வாரம் தீனியில்லாமல் சுமக்கும். ஆண் அடுத்த பெண்ணைத் தேடிப் போய்விடும்.

அதனால் பீக்காக், ஆரேட்டஸ் போன்ற மலாவி மீன்களில் "ஒரு பேர் (ஜோடி) கொடுங்க" என்று கேட்பதே பிசகு. ஓர் ஆண், ஒரு பெண் என்று விட்டால், ஆண் தன் வேகம் முழுவதையும் அந்த ஒற்றைப் பெண்மேல் காட்டி, துரத்தித் துரத்தி மூலையில் ஒடுக்கிவிடும். அங்கே வேண்டியது ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண். கடைக்காரர் மலாவி மீனில் ஜோடி விற்கிறார் என்றால் அவர் கணக்கு வியாபாரக் கணக்கு, மீனின் கணக்கு அல்ல.

கண்ணால் பார்ப்பது

இதில் செலவில்லை, மீனுக்கும் தொல்லையில்லை. இனம் சரியாக அமைந்துவிட்டால் வேறெதுவும் தேவையே இல்லை.

கன்விக்ட்டில் நான்கு, ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்தவுடனே சொல்லிவிடலாம். பெண் சிறியது, வயிற்றின் பக்கவாட்டில் செம்பு கலந்த ஆரஞ்சுப் பூச்சு இருக்கும். ஆண் பெரியது, சாம்பல் நிறம். முதுகுத் துடுப்பும், அடிவயிற்றில் வால் பக்கமுள்ள குதத் துடுப்பும் பின்னால் கூராக இழுத்துக்கொண்டு போகும், வயதானால் நெற்றி புடைக்கும். 'நிறம் கூடியது ஆண்' என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த மீனில்தான் முதலில் சறுக்குவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கிரிபென்சிஸும் இப்படியே: பெண் குட்டை, உருண்டை, வயிறு ஊதா கலந்த சிவப்பு. முட்டையிடும் பருவத்தில் உடலை வில்லாக வளைத்து அந்த வயிற்றை ஆணுக்குக் காட்டுவதும் பெண்தான். ஆண் நீளமாக, துடுப்பு முனைகள் கூராக இருக்கும். இந்த இரண்டுக்கும் கண் போதும்.

ராம் என்று நாம் சொல்லும் ரமிரெசி வெனிசுவேலா, கொலம்பியா சமவெளிகளின் மீன். பெண்ணின் வயிற்றில் இளஞ்சிவப்புத் திட்டு இருக்கும்; உடல் நடுவில் உள்ள கறுப்புப் பொட்டுக்குள் நீலப் புள்ளிகள் மின்னும். ஆணின் பொட்டு சுத்தக் கறுப்பு, முதுகுத் துடுப்பின் முன்கதிர் நீண்டிருக்கும். ஆனால் இது இயற்கை நிற ராமுக்கு. கோல்டு ராமிலும் எலெக்ட்ரிக் புளூ ராமிலும் கறுப்புப் பொட்டே இல்லை. பிறகு எதற்குள் நீலத்தைத் தேடுவது? பண்ணையில் பல தலைமுறை நிறத்துக்காகப் பொறுக்கி வளர்த்த வகைகளில் அடையாளங்களும் கூடவே கரைந்துவிடுகின்றன.

மலாவி ஏரிக்கு வந்தால் கண்ணுக்கு நல்ல விருந்து, தீர்ப்புக்குக் கொஞ்சம் ஆபத்து. கென்யி மீனில் குஞ்சும் பெண்ணும் நீலம், வளர்ந்த ஆண் மஞ்சள். சவுலோசியில் இதற்கு நேர்மாறு: பெண் மஞ்சள், ஆண் நீலம், அதன்மேல் கறுப்புப் பட்டை. ஆரேட்டஸில் குஞ்சும் பெண்ணும் மஞ்சளில் கறுப்புக் கோடு. தொட்டியை ஆளும் ஆண் கருத்து, வெளிர் கோடு எடுக்கும். பீக்காக்கில் ஆணுக்குத்தான் நிறம். பெண் சாம்பலும் பழுப்புமாகவே காலம் தள்ளும்.

சிக்கல் 'ஆளும் ஆண்' என்ற சொல்லில் இருக்கிறது. இந்த மீன்களில் நிறம் சொல்வது பாலை அல்ல, பதவியை. ஒரு தொட்டியில் ஐந்து ஆரேட்டஸ் ஆண்கள் இருந்தாலும் கருப்பது ஒன்றுதான். மற்ற நான்கும் அடி வாங்காமல் இருக்க மஞ்சளாகவே பெண் வேடத்தில் சுற்றும். ஆண்டுகொண்டிருந்தவன் செத்தாலோ, வேறு தொட்டிக்குப் போனாலோ, அடுத்தவன் கருக்கத் தொடங்குவான். டாங்கனிக்கா ஏரிப் பகுதியின் பர்ட்டோனி என்ற சிக்லிட்டை ஆய்வுக்கூடங்களில் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். அதில் அடங்கிக் கிடந்த ஆண், வாய்ப்புக் கிடைத்த சில நிமிடங்களிலேயே கண்ணோரக் கறுப்புப் பட்டையும் பளிச் நிறமும் எடுத்துவிடுகிறது. ஆகவே "கருப்பு ஒன்று, மஞ்சள் நான்கு, ஒரு ஆணுக்கு நாலு பெண், கணக்கு சரி" என்று ஒரே தொட்டியிலிருந்து அள்ளி வருவது சூதாட்டம். கருத்தது ஆண் என்பதை ஓரளவு நம்பலாம். மஞ்சள் எல்லாம் பெண் என்பதை நம்ப முடியாது.

முட்டைப் புள்ளி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் அதிகம் காதில் விழும் விதி அதுதான்: "குதத் துடுப்பில் மஞ்சள் வட்டம் இருந்தா மேல் (ஆண்) சார்." அந்த வட்டங்களின் வேலையை ஜெர்மன் ஆய்வாளர் வொல்ஃப்காங் விக்லர் 1962இல் விளக்கினார். முட்டையை வாயில் அள்ளிய பெண், ஆணின் துடுப்பில் உள்ள பொய் முட்டைகளையும் கொத்தப் போகும். அந்த நேரத்தில் ஆண் விடும் விந்து வாய்க்குள் போய் முட்டைகள் கருவுறும். ஆக, வட்டம் ஆணுக்குத் தேவைப்படுவது உண்மை. ஆனால் பல இனங்களில் பெண்ணுக்கும் வட்டம் உண்டு, சிறியதாக, மங்கலாக. ஒரே வயது, ஒரே இன மீன்களை அருகருகே வைத்து ஒப்பிட்டால் துணைச் சான்றாகும். தனி மீனில் வட்டத்தை எண்ணித் தீர்ப்புச் சொல்வது வீண்வேலை.

எலெக்ட்ரிக் யெல்லோ என்ற மலாவி மீனில் கண் கிட்டத்தட்டத் தோற்றுவிடும். இரண்டு பாலுமே மஞ்சள். ஓங்கிய ஆணின் இடுப்புத் துடுப்பும் குதத் துடுப்பும் அடர்கறுப்பாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் கொஞ்சம் திமிரான பெண்ணுக்கும் அந்தக் கறுப்பு வரும். டெமசோனியில் அதுவும் கிடையாது. உருவத்தை நம்பலாமா என்றால், டாங்கனிக்காவின் ஜூலிடோக்ரோமிஸ் மார்லியரியில் பெரியது பெண்!

இன்னொரு தந்திரமும் சந்தையில் உண்டு. நான்கு, ஐந்து சென்டிமீட்டர் பீக்காக் குஞ்சு, வளர்ந்த ஆணைப் போல நீலமும் சிவப்புமாக மின்னினால் தீனியில் ஆண் ஹார்மோன் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதில் பெண்ணும் நிறம் எடுத்துவிடும். வீட்டுக்கு வந்து சாதாரணத் தீனி தின்னத் தொடங்கியதும் சில மாதங்களில் நிறம் வடியும். அப்போதுதான் வாங்கியது என்ன என்று தெரியும்.

கையில் எடுத்துப் பார்ப்பது

வென்ட் பார்ப்பது என்று தொழிலில் சொல்வார்கள். வயிற்றின் அடியில், குதத் துடுப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் இரண்டு துளைகள் கண்ணுக்குத் தெரியும். தலைப் பக்கம் இருப்பது கழிவுத் துளை. வால் பக்கம் இருப்பது இனப்பெருக்கத் துளை. ஆணில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, அல்லது பின்னது இன்னும் சிறியது. பெண்ணில் பின்னது தெளிவாகப் பெரியது, அகன்றது. முட்டை அந்த வழியாகத்தானே வர வேண்டும்.

படித்தால் எளிது, முதல் மீனைக் கையில் பிடித்தால் ஒன்றுமே விளங்காது. இந்த முறைக்கு ஒப்பீடுதான் உயிர். ஒரே இனத்தில், ஒரே அளவில் ஐந்தாறு மீன்களை வரிசையாகப் பார்த்தால் "இது வேறு" என்று ஒன்று தனியாகத் தெரியும். அங்கிருந்துதான் கண் பழகும். மலாவி மீன்கள் ஆறு, ஏழு சென்டிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும், அதற்குக் கீழே ஊகம்தான். கையை நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மீனின் மேல்வழுவழுப்பு போய்ப் பூஞ்சை பிடிக்கும். ஈரவலையோடு சேர்த்து மல்லாத்திப் பிடித்து, பக்கத்திலிருப்பவரைக் கைபேசியில் நெருக்கமாகப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு மீனை உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள். படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆய்வுக்கூடங்களில் கிராம்பு எண்ணெயால் மயக்கிப் பார்ப்பார்கள். அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் மீன் எழுந்திருக்காது, வீட்டில் வேண்டாம். வாயில் முட்டை சுமக்கும் பெண்ணையும் பிடிக்காதீர்கள். துப்பிவிடும், தவிர அது பெண் என்பதுதான் ஏற்கெனவே தெரிந்துவிட்டதே.

கைபழக ஒரு மலிவான வழி உண்டு. சந்தையில் நாம் ஜிலேபி என்று வாங்கும் திலாப்பியாவும் சிக்லிட்தான். 1952இல் இந்தியாவுக்கு வந்த வகை இன்று தமிழ்நாட்டு ஏரிகளை நிறைத்திருக்கிறது. குழம்புக்கு வாங்கும்போது வெட்டாமல் முழுதாக வாங்கி, கழுவும் முன் திருப்பிப் பாருங்கள். ஆணுக்கு இரண்டு துளை: கழிவுக்கு ஒன்று, சிறுநீருக்கும் விந்துக்கும் சேர்த்து ஒன்று. பெண்ணுக்கு மூன்று: நடுவில் குறுக்குக் கீறலாக இருப்பது முட்டைக்கானது. மீன் பெரியது, செத்தது, அவசரமில்லை. திலாப்பியா பண்ணைகளில் ஆண் வேகமாக வளர்வதால் ஆணை மட்டும் பிரித்து வளர்க்க இப்படித்தான் கையால் பார்த்தார்கள். கைபழகியவர்களுக்கும் சில மீன் தவறிப்போய்க் குளம் குஞ்சாக நிறைந்ததால்தான், பல இடங்களில் குஞ்சுப் பருவத்திலேயே ஹார்மோன் தீனி கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கும் முறைக்குப் போனார்கள். தொழில்காரர் நிலையே இது என்றால், கடைப்பையன் கண்ணாடிக்கு வெளியிலிருந்து ஏழு வினாடியில் சொல்லும் 'மேல், ஃபீமேல்' எவ்வளவு தேறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வென்ட் பார்ப்பதற்கு எல்லையும் உண்டு. ஏஞ்சலிலும் டிஸ்கஸிலும் சாதாரண நாளில் பார்த்தால் பயனில்லை. முட்டையிடுவதற்கு ஓரிரு நாள் முன்பு சிறு குழல் ஒன்று வெளியே நீளும்: ஆணுக்கு மெலிந்து கூராக, பெண்ணுக்குத் தடித்து மழுங்கலாக. அதைத் தொட்டிக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம், பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அது தெரியும் நாளில் மீன்கள் ஏற்கெனவே இலையையோ வடிகட்டிக் குழாயையோ சுத்தம் செய்துகொண்டிருக்கும்.

குஞ்சாக வாங்கிக் காத்திருப்பது

பொறுமை இருந்தால், ஜோடி கட்டும் மீன்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆறு ஏஞ்சல் குஞ்சு வாங்குகிறீர்கள். ஆணும் பெண்ணும் சரிபாதி பிறக்கும் என்று வைத்தால், ஆறும் ஒரே பாலாக இருக்க வாய்ப்பு முப்பத்திரண்டில் ஒன்றுதான். நான்கு வாங்கினால் எட்டில் ஒன்று. இரண்டு மட்டும் வாங்கினால் பாதிக்குப் பாதி. அதனால்தான் ஆறு என்ற எண்ணைப் பெரியவர்கள் விடாமல் சொல்கிறார்கள்.

எண் மட்டும் போதாது. தொட்டியில் பெரியதாகப் பார்த்து ஆறு பொறுக்கினால், ஆண் வேகமாக வளரும் இனங்களில் ஆறும் ஆணாக முடியலாம். பெரியதில் மூன்று, சிறியதில் மூன்று, நோஞ்சானை விட்டுவிட்டு எடுப்பது நல்லது. கிரிபென்சிஸ், அபிஸ்டோகிராமா போன்றவற்றில் தண்ணீரே பாலைச் சாய்க்கும்: அமிலத்தன்மை கூடிய நீரில் ஆண் அதிகம் பிறக்கும், அபிஸ்டோகிராமாவில் வெப்பமும் அப்படியே. ஒரே ஈட்டில் வந்த குஞ்சுகள் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கலாம் என்பதால் இரண்டு இடத்தில் பிரித்து வாங்குவது உத்தமம். அண்ணன் தங்கை கலப்பும் குறையும்.

இதன் விலை காலம். ஏஞ்சல் எட்டு மாதம், ஒரு வருடம் எடுக்கும். ஆஸ்கர் அதற்கும் மேல், அதுவும் ஆறு ஆஸ்கரை அவ்வளவு காலம் வைக்கும் தொட்டி எத்தனை வீட்டில் இருக்கிறது? ஜோடி சேர்ந்தவுடன் மற்ற நான்கையும் அது மூலைக்கு விரட்டும், ஆகவே மிச்சத்துக்கு இடம் முன்பே பார்த்து வைக்க வேண்டும். பல கடைக்காரர்கள் வளர்ந்த மீனைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு மீன் கொடுப்பார்கள், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மலாவி மீனுக்கு இதே வழி பாதிதான் பலிக்கும். ஆறில் ஒரு ஆணாவது, மூன்று பெண்ணாவது அமைய வாய்ப்பு மூன்றில் இரண்டுக்கும் சற்றுக் குறைவு. சராசரியில் மூன்று ஆண் வந்துவிடும், அந்த மூன்றில் இரண்டு வெளியேற வேண்டும். அதனால் பத்துப் பன்னிரண்டு குஞ்சு வாங்கி, ஏழு சென்டிமீட்டர் வந்ததும் வென்ட் பார்த்து, கூடுதல் ஆணைக் கழிப்பதுதான் முறை. இரண்டு வழியையும் அடுத்தடுத்துப் போட வேண்டும்.

"கன்ஃபார்ம் பேர் சார்"

முட்டையிட்ட ஜோடியின் விலை, குஞ்சு விலையைப் போலப் பல மடங்கு. அந்த விலைக்கு வாங்குவது காலம் என்பதால், ஏஞ்சலோ டிஸ்கஸோ வைத்துக் குஞ்சு எடுத்து விற்க நினைப்பவருக்கு அது நியாயமான செலவு. வெறும் அழகுக்கு வைப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

'கன்ஃபார்ம்' என்றால் என்ன என்பதில்தான் கவனம் வேண்டும். முட்டையிட்டது என்பது சான்றாகாது. ஏஞ்சலில் இரண்டு பெண்கள் ஜோடி போல ஒட்டிக்கொண்டு, இடம் சுத்தம் செய்து, இரண்டுமே முட்டையிட்டுக் காவலும் காக்கும். இரண்டு, மூன்று நாளில் முட்டையெல்லாம் வெள்ளையாகிவிடும். குஞ்சு பொரித்ததைக் காட்டச் சொல்லுங்கள். நீந்தும் குஞ்சோடு ஜோடியைப் பார்த்தால் பேச்சே வேண்டாம். அடுத்தது வயது. பண்ணைக்காரர் நன்றாக முட்டையிடும் ஜோடியை ஏன் விற்கிறார் என்று யோசிக்காமல் பணத்தை எடுக்கக் கூடாது. பல நேரம் அது ஓய்வுக்கு வந்த ஜோடி. மூன்றாவது, இடம் மாறினால் உறவு முறியலாம். கன்விக்ட், ஃபிளவர்ஹார்ன் போன்ற முரட்டு மீன்களில் புதுத் தொட்டிக்கு வந்த முதல் இரவே ஆண் பெண்ணைக் கொல்லப் பார்க்கும். நடுவில் ஓட்டையுள்ள தடுப்புப் போட்டுச் சில நாள் பார்க்கவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

எந்த மீனுக்கு எது

கன்விக்ட், கிரிபென்சிஸ், இயற்கை நிற ராம்: கண்ணால் பார்த்து ஓர் ஆண், ஒரு பெண் எடுங்கள். முடிந்தால் கடைத் தொட்டியிலேயே ஒன்றையொன்று ஒட்டித் திரியும் இரண்டைப் பார்த்து எடுத்தால் இன்னும் நல்லது. ஏஞ்சலுக்கும் டிஸ்கஸுக்கும் ஆறு குஞ்சு. அவசரக்காரருக்கு, குஞ்சோடு பார்த்த ஜோடி. கரிமீனும் அதன் சிறிய உறவான ஆரஞ்சு குரோமைடும் வெளித் தோற்றத்தில் பால் காட்டாதவை, அவற்றையும் கூட்டமாகவே வாங்குங்கள். எலெக்ட்ரிக் யெல்லோ, டெமசோனி, டாங்கனிக்காவின் ட்ரோஃபியஸ் எல்லாம் வென்ட் பார்க்காமல் தீராது. ஆரேட்டஸுக்கும் கென்யிக்கும் கண்ணும் வேண்டும், வென்ட்டும் வேண்டும். இந்த இரண்டும் மலாவியின் ரவுடிகள், ஒரு ஆண் அதிகமானாலும் தாங்காது.

ஆண் பீக்காக் மட்டும் வைத்து நிறத்தொட்டி கட்டுபவருக்குக் கணக்கு தலைகீழ். அங்கே ஒரு பெண் தவறி நுழைந்தாலே ஆண்கள் எல்லாம் சண்டைக்கு எழுந்துவிடும். ஏழெட்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து, நிறம் தானாக ஏறிக்கொண்டிருக்கும் ஆணாக, ஒவ்வொன்றும் வேறு வேறு நிறமாக எடுங்கள். உடலெல்லாம் திட்டுத் திட்டாக இருக்கும் ஓபி (ஆரஞ்சு பிளாட்ச்) பீக்காக்கில் பெண்ணுக்கும் திட்டு வரும். ஏரியில் திரியும் மலாவிப் பாறை மீன்களில் அந்தத் திட்டு நிறம் பெரும்பாலும் பெண்ணுக்கே உரியது. பெண்பாலைத் தீர்மானிக்கும் மரபணுவோடு அது ஒட்டிக்கொண்டே வருவதை 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். நிறத்தொட்டிக்கு ஓபி வாங்குபவர் மட்டும் வென்ட் பார்த்தே வாங்க வேண்டும்.

ஃபிளவர்ஹார்ன் மனிதர் கலந்து உண்டாக்கிய, தனியாக வாழும் மீன். தலை மேடு பெரிதாக வேண்டும் என்பவர்கள்தான் ஆண் தேடுகிறார்கள். முதுகுத் துடுப்பில் கறுப்புத் திட்டு இருந்தால் பெண் என்பது ஓரளவு பலிக்கும், மேடு இருந்தால் ஆண் என்பது அவ்வளவாகப் பலிக்காது. பேரட் மீனுக்கு இந்த நான்கு வழியுமே வீண். அதுவும் மனிதர் கலந்து உண்டாக்கியது, ஆண்கள் பெரும்பாலும் மலடு. இரண்டு பேரட் வைத்திருந்தால் ஒருநாள் குழி தோண்டி, கல்லைச் சுத்தம் செய்து முட்டையிடும், காவலும் காக்கும். முட்டை வெள்ளையாகிப் பூஞ்சை பிடிக்கும், இரண்டும் அதைத் தின்றுவிட்டு அடுத்த மாதம் மறுபடி இடும்.